கொல்லைத் தென்னையும் சங்கத்துத் தெளிப்பானும்

நம் சங்கத்தின் வருகிற மகாசபைக் கூட்டத்தில் ஆலோசனைக்கு வரவிருக்கும் விஷயங்களுள் ஒன்று, அங்கத்தினர்களின் கொல்லைப்புறத் தென்னைகளைப் பீடித்துள்ள வெள்ளை ஈயை ஒழிப்பதற்காகப் பொதுநல நிதியிலிருந்து இரண்டு விசைத் தெளிப்பான்களும், அவற்றில் ஊற்றித் தெளிக்கப் பூச்சி மருந்தும் வாங்குவது என்பதாகும். இந்த யோசனையைக் கொண்டுவந்திருக்கும் அன்பர்களின் நல்ல நோக்கத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தெளிப்பான் வாங்குவதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். மருந்து வாங்குவதை எதிர்க்கிறேன். மருந்தில்லாமல் தெளிப்பான் எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்பார்கள். கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமன்று இது; ஆதலால் என் காரணங்களை முன்னதாகவே எழுத்தில் வைக்கிறேன்.

தோப்பு வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கு மரம் என்பது கணக்கில் ஏறும் சொத்து. காய் எத்தனை, கொப்பரை எத்தனை, வெட்டுக்கூலி எவ்வளவு என்று அவர்கள் எழுதி வைக்கிறார்கள். நெசவாள அங்கத்தினரின் கொல்லையிலோ இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் ஒரு பப்பாளி, வேலியோரம் ஒரு கொய்யா என்ற அளவுதான் இருக்கும். இவற்றின் வருமானத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் கூலி நின்று போன வாரத்தில் குழம்புக்குத் தேங்காயும் முருங்கைக்காயும் கடையில் வாங்காமல் கிடைத்ததை அவ்வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். தென்னை நிழலில் தறிக் கொட்டகை குளிர்ந்திருப்பதால் நூலில் ஈரம் காய்ந்து இழை அறுவது குறைகிறது என்பதைத் தறியில் உட்கார்ந்தவர் அறிவார். ஆகவே இதனைத் தோப்புக்காரர்களின் விவகாரம் என்று நெசவாளர்கள் ஒதுக்கிவிடலாகாது.

உண்மையில், எங்கள் தெருவில் இப்பூச்சியைப் பற்றி முதலில் கூக்குரலிட்டவர்கள் நெசவாளர்களே. பாவடியில் விடியற்காலையில் பாவை விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்த தென்னங்கீற்றுகளிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது. பனி என்று நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைப் பாவில் ஆங்காங்கே கரிப் புள்ளிகள் தெரிந்தன. கஞ்சி சரியில்லை என்று ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டார்கள். பிறகே அண்ணாந்து பார்த்தோம். கீற்றுகளின் அடிப்புறமெல்லாம் பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெண்மை. கீழ்க்கீற்றுகளின் மேற்புறமெல்லாம் அடுப்புக் கரி.

இந்த ஈயின் வரலாற்றைச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பரிகாரம் அந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது. சுருள் வெள்ளை ஈ எனப்படும் இது மத்திய அமெரிக்க நாடுகளுக்கு உரியது. பெலீஸ் நாட்டுத் தென்னையிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரே சூட்டினார்கள். 2009-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. 2016-இல் நம் பொள்ளாச்சி வட்டாரத் தென்னைகளிலும், அதையொட்டிய பாலக்காட்டுப் பகுதியிலும் தலைகாட்டியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் தென்னை உள்ள மாவட்டங்களில் எல்லாம் பரவிவிட்டது. பெண் ஈ கீற்றின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு மெழுகுத் தூளால் மூடுகிறது. குஞ்சுகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய சாற்றில் மிகுதியான சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாகச் சொட்டுகின்றன. அதன் மேல் ஒரு பூசணம் படர்ந்து கரிபோல் இலையை மூடுகிறது. வெயில் படாத இலை உணவு சமைக்க முடியாமல் போகிறது. மரம் சோர்கிறது, காய் சிறுக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த ஈயால் மட்டும் தென்னை சாவதில்லை. பார்வைக்குப் பயங்கரமாக இருப்பதனால் அவசரப்பட்டு மரத்தை வெட்டியவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. இருபது ஆண்டு வளர்த்த மரம் அரை நாளில் விறகாயிற்று.

நம் கொல்லைகளுக்குப் பூச்சி புதிதன்று. முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்ப்பதும், தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு துளைப்பதும் நம் பாட்டனார் காலத்திலேயே உண்டு. அவற்றோடு அவற்றைத் தின்னும் பறவையும், குளவியும், பூசணமும் சேர்ந்தே இங்கு வாழ்ந்து வருகின்றன. ஆகவே அவை ஓர் அளவுக்கு மேல் பெருகுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சியின் கதை வேறு. அது கப்பலிலோ விமானத்திலோ ஒரு செடியில் ஒட்டிக்கொண்டு தனியே வந்துவிடுகிறது. அதன் பகைவன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். கடன் கொடுத்தவன் கண்ணில் படாத ஊருக்குக் குடிபோனவன் போல அது இங்கே கவலையின்றிப் பெருகுகிறது. பெருகியதைக் கண்டு நாம் விஷத்தைத் தெளிக்கிறோம்.

இவ்வகையில் நம் பகுதி ஏற்கெனவே ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி இது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, செம்பருத்தி, கொய்யா என்று கண்டதிலெல்லாம் ஏறியது. பட்டு நெசவாளர்களும் பட்டுக்கூடு உற்பத்தியாளர்களும் மறக்க முடியாதபடி, மல்பெரியையும் பிடித்தது. இலையில் மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும்; மருந்தடிக்காவிட்டால் இலையே இல்லை. மருந்தடித்தவர்களுக்கும் பயன் இல்லை. பூச்சியின் மேலிருந்த மெழுகு மாவு விஷத்தை உள்ளே விடவில்லை. வாரந்தோறும் அடித்துப் பார்த்துச் சலித்து மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கியவர்கள் பலர்.

அதன் முடிவு எப்படி வந்தது? 2010-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சியின ஆய்வு நிலையத்தார், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்பது கொசுவினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுவதும், அதனை உள்ளிருந்தே தின்று வெளிவருவதும் அன்றி அதற்கு வேறு தொழில் கிடையாது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவற்றைப் பெருக்கி நம் மாநிலத்தில் விட்டார்கள். சில மாதங்களுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. குளவி வேலை செய்தது மருந்து தெளிக்காத தோட்டங்களில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பப்பாளியில் ஆங்காங்கே அப்பூச்சியைக் காண்கிறோம். ஆனால் அதற்காகத் தோட்டத்தைப் பிடுங்குவார் எவருமில்லை.

நிற்க. தென்னை வெள்ளை ஈக்கும் இத்தகைய பகைவன் உண்டா என்றால், உண்டு. அதனை நாம் விலை கொடுத்து வரவழைக்கவும் வேண்டியதில்லை. என்கார்சியா என்னும் சிறு குளவி நம் தோப்புகளில் தானாகவே வந்து குடியேறியிருக்கிறது. 1990-களில் கொய்யாவையும் மற்ற மரங்களையும் பிடித்த வேறொரு சுருள் வெள்ளை ஈயை அடக்கியதும் இவ்வினமே. இதனைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டியதில்லை. நம் சங்கத்தில் துணியின் இழை எண்ணும் கண்ணாடி ஒன்று இருக்கிறதல்லவா, அது போதும். கீற்றின் அடிப்புறத்தில் உள்ள கூட்டுப்புழுவை அதன் வழியே பாருங்கள். குளவி முட்டையிட்ட கூடு கறுத்திருக்கும். ஈ வெளியேறிய ஓட்டில் பிளவு தெரியும். குளவி வெளியேறிய ஓட்டிலோ ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளை தெரியும். வட்டத் துளைகள் பெருகியிருக்கும் மரத்தில் நம் வேலையைக் குளவி செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த மரத்துக்கு விஷம் அடித்தால் கூலி வாங்காமல் உழைக்கும் வேலைக்காரனைக் கொன்று திருடனைக் காப்பாற்றியவர்கள் ஆவோம். ஏனெனில் குளவி மெழுகுப் போர்வை இல்லாதது. விஷம் பட்டவுடன் மடியும். ஈயோ போர்வைக்குள் தப்பி மறுபடியும் பெருகும்.

இதனை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். என் கொல்லையிலேயே அந்தத் தவற்றைச் செய்தேன். ஈ வந்த முதல் கோடையில், வீடு வீடாக வந்து மருந்தடித்த ஒருவருக்குப் பணம் கொடுத்து என் மூன்று தென்னைக்கும் அடிக்கச் சொன்னேன். பத்து நாள் மரம் சுத்தமாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாதத்தில் முன்னிலும் அதிகமாக வெளுத்துப் போயிற்று. மறுபடி அடித்தேன். வேலிக்கு அப்பால் இருந்த மூதாட்டியாரின் தென்னைக்கு மருந்தடிக்க அவரிடம் பணம் இல்லை. அந்த மரத்து ஈதான் என் மரத்துக்கு வருகிறது என்று அவரிடம் சண்டைக்கே போனேன். மழைக்காலத்துக்குப் பிறகு பார்த்தால் அவர் மரம் தெளிந்திருந்தது. என் மரம் தெளியவில்லை. அவருடைய கீற்றில்தான் வட்டத் துளைகளை முதன்முதலில் பார்த்தேன். அதற்குள் என் கிணற்றடியில் மருந்து கலந்த வாளியைக் கழுவியிருந்தார்கள் என்பதும், அந்தக் கோடையில் இறக்கிய இளநீரைப் பேரக்குழந்தைகள் குடித்திருந்தார்கள் என்பதும் என் நினைவுக்கு வந்தது. தோப்பில் அடிக்கும் மருந்து தோப்போடு நிற்கலாம். கொல்லையில் அடிக்கும் மருந்து சமையலறைக்குப் பத்தடி தூரத்தில் விழுகிறது. கொடியில் உலரும் துணியிலும், கறிவேப்பிலையிலும், கோழிக்கூண்டின் மீதும் விழுகிறது.

அப்படியானால் தெளிப்பான் எதற்கு? தண்ணீர் அடிப்பதற்கு. எட்டக்கூடிய உயரத்தில் உள்ள தென்னையின் கீற்றுகளில் அடிப்புறம் படும்படி விசையோடு தண்ணீரைப் பீய்ச்சினால் முட்டையும் குஞ்சும் மெழுகும் கழுவப்பட்டுக் கீழே விழுகின்றன. இது வேளாண் பல்கலைக்கழகத்தாரும் கூறும் முறையே. கரிப் பூசணத்துக்கோ நெசவாளர்கள் சிரித்துக்கொள்ளக்கூடிய மருந்து இருக்கிறது: கஞ்சி! லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி இலைமேல் தெளிக்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து உரியும்போது கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் பதம் நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதனோடு மஞ்சள் நிறத் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆறடி உயரத்தில் கட்டினால் வளர்ந்த ஈக்கள் நிறத்தை நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். குளவி பெருகிய மரத்தின் கீற்றுத் துண்டுகளை வெட்டிக் குளவி இல்லாத மரத்தில் செருகி வைப்பதும் பயன் தரும். தெருவுக்கு ஒருவர் இதனைப் பொறுப்பேற்றுச் செய்யலாம்.

ஐம்பது அறுபது அடி உயர்ந்த நெட்டை மரங்களுக்குத் தண்ணீர் எட்டாது என்று சொல்வார்கள். உண்மைதான். அவற்றுக்குக் குளவியையும் மழையையும் நம்புவதன்றி வேறு வழியில்லை. ஆனால் மருந்தும் அவ்வளவு உயரத்துக்குச் சரியாக எட்டுவதில்லை. காற்றில் பறந்து அண்டை வீட்டுக்குத்தான் போகிறது.

இனிப் பருவத்தைப் பற்றி. இந்த ஈ வறண்ட காலத்தில் பெருகுகிறது, பெருமழையில் குறைகிறது. மாசி பங்குனியில் மரம் தாகத்தால் தளர்ந்திருக்கும் நேரமும் ஈ பெருகும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. ஆகவே பூச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரத்தின் அடியைப் பற்றியும் பேச வேண்டும். நம் கொல்லைகளில் நான் காண்பது என்ன? வீட்டைச் சுற்றி அழகாகச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, தென்னைக்கு ஒரு முழ வட்டம் விட்டிருக்கிறார்கள். அந்த முழத்திலும் சாயத் தொட்டியின் கழிவைக் கொட்டுகிறார்கள். உப்பும் சோடாவும் கலந்த அத்தண்ணீர் வேருக்கு நீரன்று, நோய். சமையலறையிலிருந்து வரும் அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் மரத்துக்குப் போகட்டும். சாய நீர் ஒரு சொட்டும் போகலாகாது.

மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு வட்டப் பாத்தி எடுக்க வேண்டும். அதில் தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே தெரியும்படி ஒரு நூறு பரப்பலாம். மட்டை விற்றுப் போயிற்று என்பவர்கள் காய்ந்த ஓலை பதினைந்தை வெட்டிப் போடலாம். அல்லது தென்னை நார்க் கழிவை நாலு விரற்கடை உயரம் பரப்பலாம். மூடிய பாத்தியில் ஊற்றிய நீர் வெயிலுக்குப் பறிபோவதில்லை. கீற்றைக் கழுவிய தண்ணீரும் இந்தப் பாத்தியிலேயே விழுவதால், கோடையில் தண்ணீரை வீணாக்குகிறோம் என்ற குறையும் நீங்குகிறது. ஆண்டுக்கு மரத்துக்கு 50 கிலோ தொழு உரமும், நெட்டை மரமானால் 2 கிலோ பொட்டாஷும் வேளாண் துறையார் சொல்லும் அளவுகள். உரத்தை இரண்டு தவணையாகப் பிரித்து இடச் சொல்கிறார்கள். கொல்லை மரத்துக்கு உரம் எதற்கு, அதுவே காய்க்கும் என்று முப்பது ஆண்டு காய் பறித்தவர்கள் நாம்!

பழைய பகைவனான காண்டாமிருக வண்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது பெருகுவது நம் எருக்குழியிலும் மக்கிய தென்னந்தண்டிலும்தான். 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தத் தாமதமான இடங்களில் அந்தத் தண்டுகளே வண்டுக்குத் தொட்டில் ஆயின. எருக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுக்களைக் கோழிகளுக்குக் காட்டிவிட்டால் அதுவே பாதி வைத்தியம். வண்டு துளைத்த காயத்தின் வழியாகவும், மரமேறுவதற்காகத் தண்டில் வெட்டிய படிகளின் வழியாகவும் சிவப்புக் கூன்வண்டு நுழைகிறது. அது நுழைந்தால் மரம் பிழைப்பது அரிது. படி வெட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஏழை நெசவாளியிடம் குளவி வரும், பொறுத்திரு என்று சொல்வது எளிது, அவன் பாவு கெடுகிறதே என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பாவடிக்கு மேலே கவியும் மரங்களுக்குத்தான் முதலில் தண்ணீர் அடிக்க வேண்டும் என்பதே என் விடை. அதுவும் பாவு விரிக்கும் நாளுக்கு முந்தின நாள் மாலையில். தனி ஆளாக இதனைச் செய்ய முடியாது. வாடகைக்குத் தெளிப்பான் எடுத்து ஒருவன் தன் மூன்று மரத்தைக் கழுவினால், அடுத்த வாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஈ வந்துவிடும். வேலி இருப்பது நமக்குத்தான். ஈக்குத் தெரு முழுவதும் ஒரே தோப்பு. தெருவாரியாக, ஒரே நாளில், இருப்பவர் இல்லாதவர் எல்லோர் மரத்துக்கும் செய்தால்தான் பலன். இத்தகைய காரியத்துக்குத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். கடன் கொடுக்கவும் நூல் பங்கிடவும் மட்டும் சங்கம் போதும் என்றால் அதற்கு ஒரு குமாஸ்தாவும் ஒரு பூட்டும் போதுமே!

நம் சங்கத்து நாற்றுப் பண்ணையைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்தப் பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போவதற்குச் சிறந்த வாகனம் கன்றுகளே. தென்னங்கன்றோ கொய்யாப் பதியனோ அழகுச் செடியோ, வெளியூரிலிருந்து வந்தால் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். விற்கும்போதும் அவ்வாறே. வெண்மை ஒட்டியிருக்கும் கன்றை, விலை குறைத்தும்கூட, அங்கத்தினருக்குக் கொடுக்கலாகாது. சென்ற ஆண்டு அப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை நிர்வாகக் கமிட்டியார் அறிவார்கள்.

ஆகவே மகாசபையில் நான் கொண்டுவர எண்ணியிருக்கும் திருத்தம் இதுதான். விசைத் தெளிப்பான்கள் இரண்டும் வாங்கப்படட்டும். அவை தண்ணீருக்கும் கஞ்சிக்கும் மட்டுமே பயன்பட வேண்டும். விஷ மருந்து ஊற்றிய தெளிப்பானில் மறுநாள் கஞ்சி ஊற்றக் கூடாது என்பதனால், இதனை விதியாகவே எழுதி வைக்க வேண்டும். மருந்துக்கென்று ஒதுக்கிய தொகை, மஞ்சள் தாள் வாங்குவதற்கும், தை முதல் சித்திரை வரை தெருவாரியாகத் தெளிக்கும் இரண்டு இளைஞர்களின் கூலிக்கும் செல்லட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேளாண் அலுவலர் ஒருவரை அழைத்து நம் மரங்களைப் பார்க்கச் செய்து, அவர் சொல்வதை இந்தப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். என் யோசனை பொய்த்து, குளவி இல்லாத மரத்தில் ஈ மிஞ்சிப் போகுமானால், அந்த அலுவலர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், அந்த ஒரு மரத்துக்கு மட்டும் அடிப்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

இத்திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். வேலிக்கு அப்பால் இருக்கும் மூதாட்டியாரைத்தான் கேட்டிருக்கிறேன். அவரும் நம் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் அங்கத்தினரே. கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.